யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: ஜோடியாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் சரி, பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் சரி, சிங்கப்பூர் டிக்கெட் போட்டதும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணமும் திறக்கும் நேரமும் நாளுக்கு நாள் மாறுபவை. அவற்றைப் போகிற தேதிக்கு, சினிமாவை மையமாக வைத்து அமைத்த இந்தக் கேளிக்கைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் போதுமா? ரொம்பப் பெரிய இடமா?

ஒரு நாள் போதும். செந்தோசா தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக்குள் 2010-இல் திறந்த இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 20 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 50 ஏக்கர். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வளையமாக ஏழு பகுதிகள். வாசலில் ஹாலிவுட். அங்கிருந்து வலப்பக்கமாகப் போனால் நியூயார்க், சயன்ஸ் ஃபிக்‌ஷன் சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்ட் என்று வரிசையாக வந்து மறுபடி ஹாலிவுட்டில் முடியும்.

எங்கும் நிற்காமல் நடந்தால் அரை மணிக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆகவே நாளைத் தின்பது தூரம் இல்லை, வரிசைதான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த வரிசையைப் பற்றியவை.

எந்த மாசம், எந்தக் கிழமை போனா கூட்டம் கம்மியா இருக்கும்?

செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நம்மூர் விடுமுறையை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள், சிங்கப்பூர் பள்ளி விடுமுறையைப் பாருங்கள்: மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் இறுதி வரை. அதோடு சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள். தீபாவளிக்கும் அங்கே அரசு விடுமுறை உண்டு. லீவு கிடைக்கிறதே என்று தீபாவளி அன்றைக்கே போகிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் மே முதல் பாதியின் வார நாட்கள் பரவாயில்லை. மே கடைசி வாரம் வந்துவிட்டால் இரண்டு நாட்டு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஹாலோவீன் இரவு நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் பூங்காவைச் சீக்கிரம் மூடக்கூடும், தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

லிட்டில் இந்தியாவுல ரூம் போட்டிருக்கோம். எப்படிப் போறது?

நேர் ரயில். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடத்தில் ஏறி ஹார்பர்ஃபிரண்டில் இறங்குங்கள், எங்கும் மாற வேண்டாம். மேலேறி வந்தால் விவோசிட்டி கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் புறப்படும். தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வர இலவசம். தீவுக்குள் போனதும் வருகிற ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் இறங்க வேண்டும்.

விவோசிட்டியிலிருந்து நடைபாலமும் இருக்கிறது, நடந்து போகக் காசு இல்லை. மாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஜோடியாகத் திரும்பி வர அது அருமையான வழி. காலையில் மட்டும் வேண்டாம். வெயிலில் நடந்து களைத்துப்போய் வாசலில் நிற்பீர்கள்.

10 மணிக்குத் திறக்குறாங்கன்னா 10 மணிக்குப் போனா போதாதா?

போதாது. அறிவித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்பே வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பெரிய ரைடுகளை முடித்துவிடலாம், நண்பகலில் அதே மூன்றுக்கும் பாதி நாள் போய்விடும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில், தேதி குறித்து வாங்கிவிடுங்கள்.

வெளியே சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டையின் முன் காலையில் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். அது பூங்காவுக்கு வெளியே இருக்கிறது, எங்கும் போகாது. இரவில் விளக்கு போட்டதும் இன்னும் அழகாக இருக்கும்.

உள்ளே போனதும் வலப்பக்கமா, இடப்பக்கமா?

பெரிய ரைடுகள் மேல் ஆசை என்றால் வலப்பக்கம். நியூயார்க்கைத் தாண்டி நேரே சயன்ஸ் ஃபிக்‌ஷன் சிட்டி போங்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற முப்பரிமாணத் திரை ரைடு, அடுத்து பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற பெரிய ரோலர் கோஸ்டர், பிறகு எகிப்தில் மம்மி என்ற இருட்டு கோஸ்டர். இந்த மூன்றும் முடிந்தால் நாளின் பாரம் பாதி இறங்கிவிடும். மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. புதுசு என்பதால் ஒரு கூட்டம் திறந்ததும் இடப்பக்கம் ஓடும். மினியன்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அந்தக் கூட்டத்தோடு நீங்களும் முதலில் அங்கே போய்விடுங்கள். இரண்டு பக்கமும் மாறிமாறி ஓடுவது மட்டும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு, லாஸ்ட் வேர்ல்டில் உள்ள கேனப்பி ஃப்ளையர். மேலிருந்து தொங்கும் சிறு ஊஞ்சல் வண்டி, ஒன்றில் நான்கே பேர். இருவர் முன்னோக்கியும் இருவர் பின்னோக்கியும் முதுகுக்கு முதுகு வைத்து உட்காருவார்கள். வெளியே நிற்கும் வரிசை சின்னதாகத் தெரியும், நகரவே நகராது. வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாமல், வாசலில் போட்டிருக்கும் காத்திருப்பு நிமிடத்தைப் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா? டிக்கெட்டுக்கு மேல இவ்வளவு காசா?

எக்ஸ்பிரஸ் என்பது சின்னதான தனி வரிசையில் போகவிடும் பாஸ். அதில் இரண்டு வகை. சாதாரண எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரே தடவை, அன்லிமிடெட் எத்தனை தடவை வேண்டுமானாலும். இரண்டுமே நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனியாக வாங்குவது. கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறும், கூட்டமான நாளில் தீர்ந்தும் போகும்.

எங்கள் கணிப்பு இது: பள்ளி விடுமுறை இல்லாத வார நாளில் திறக்கும்போதே போகிறீர்கள் என்றால் தேவையில்லை, அந்தக் காசுக்கு இருவரும் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம். சனிக்கிழமை, டிசம்பர், அல்லது மதியம்தான் போய்ச் சேர முடியும் என்றால் சாதாரண எக்ஸ்பிரஸ் போட்ட காசுக்கு ஈடு. அன்லிமிடெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் பலனை முழுதாக எடுப்பதில்லை. ஒரே ரோலர் கோஸ்டரில் மூன்றாம் தடவை ஏற உடம்பு ஒத்துழைக்காது.

எக்ஸ்பிரஸ் என்றால் காத்திருப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேரும், அங்கே எல்லோரும் நிற்கத்தான் வேண்டும். வாங்குமுன் அன்றைக்கு எந்தெந்த ரைடுக்குச் செல்லும் என்ற பட்டியலையும் பாருங்கள்.

சிங்கிள் ரைடர் வரிசைன்னு ஒண்ணு இருக்காமே. ரெண்டு பேரும் அதுல போகலாமா?

போகலாம், சேர்ந்து உட்கார முடியாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் வரிசைக்கு நான்கு இருக்கை, மொத்தம் மூன்று வரிசை. மூன்று பேர் குடும்பம் ஒன்று ஏறினால் ஓர் இருக்கை மிச்சம். அதை நிரப்பத்தான் தனியாளுக்கு ஒரு வரிசை. உங்களில் ஒருவர் இந்த வண்டியிலும் மற்றவர் அடுத்த வண்டியிலும் போக நேரலாம். இறங்கும் இடத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். “என் மனைவி பின்னால இருக்காங்க, சேர்த்து விடுங்க” என்று பணியாளரிடம் கேட்டுப் பயனில்லை.

சரியான வழி: முதல் தடவை சாதாரண வரிசையில் சேர்ந்து போங்கள். பிடித்திருந்தால் இரண்டாம் தடவைக்கு இந்த வரிசை. எல்லா ரைடுக்கும் இது இருக்காது, எந்நேரமும் திறந்தும் இருக்காது.

எனக்கு ரோலர் கோஸ்டர் உயிர். வீட்டுக்காரிக்கு உயரம்னாலே பயம். எப்படிச் சமாளிக்கிறது?

நேரே பெரியதில் ஏற்றிவிடாதீர்கள். “ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிக்கோ” என்று இழுத்துப் போவதால்தான் பலருக்கு அந்த நாளே கசந்துபோகிறது. படிப்படியாகப் போங்கள். முதலில் ஃபார் ஃபார் அவேயில் புஸ் இன் பூட்ஸ் (Puss in Boots), தொங்கும் வண்டிதான், ஆனால் மெதுவானது. அடுத்து அதே பகுதியில் என்சாண்டட் ஏர்வேஸ், சின்ன கோஸ்டர். அது பிடித்தால் மம்மி. ஒன்றில் நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை.

மம்மியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டடத்துக்குள் இருட்டில் ஓடுவதால் உயரம் கண்ணுக்குத் தெரியாது, உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் பலருக்கு அது தோதாக இருக்கும். இருட்டுக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் பயப்படுகிறவருக்கு நேர்மாறு. வண்டி மெதுவாகப் போய் நிற்கும், சட்டென்று பின்பக்கமாக ஓடும், பிறகு முன்னால் பாயும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்பக்கம் ஓடுவது தெரியாமல் போனால்தான் அதிகம் திகைப்பார்கள்.

ஆணுக்குப் பயம், பெண்ணுக்கு ஆசை என்ற ஜோடிகளும் நிறையவே உண்டு. பதில் அதேதான்.

ஒருத்தர் ரைடுல இருக்கும்போது இன்னொருத்தர் என்ன பண்றது? போன் லாக்கர்ல இருக்குமே?

இதை யோசிக்காமல் பிரிந்துபோய் ஒரு மணி நேரம் தேடிக்கொண்டவர்கள் பலர். பிரியும் முன் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். “ரைடு வாசலில்” என்று சொல்லாதீர்கள், ஏறும் வாசலும் இறங்கும் வாசலும் பெரும்பாலும் வேறு வேறு. இறங்கும் வழி ஒரு கடைக்குள்தான் கொண்டுபோய் விடும். அந்தக் கடையின் கல்லா பக்கம் என்று சொல்லுங்கள், ஏசியும் இருக்கும்.

காத்திருப்பவர் சும்மா உட்கார வேண்டாம். சயன்ஸ் ஃபிக்‌ஷன் சிட்டிக்குப் பக்கத்திலேயே நியூயார்க்கில் லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் காட்சி இருக்கிறது. ஒரு அரங்குக்குள் புயல் அடிப்பதைச் சினிமாவில் எப்படி உண்டாக்குகிறார்கள் என்று காட்டுவார்கள்.

பேட்டில்ஸ்டார்ல சிவப்பா, நீலமா? எது பயம்?

ஒரே இடத்திலிருந்து கிளம்பும் இரண்டு தனித்தனி கோஸ்டர்கள், வரிசையும் தனித்தனி. சிவப்பு, ஹ்யூமன். தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து போவது, தலைகீழாகச் சுற்றாது. உச்சி வேகம் மணிக்கு 90 கி.மீ. நீலம், சைலன். தண்டவாளம் தலைக்கு மேல், கால் அந்தரத்தில் தொங்கும், ஐந்து தடவை தலைகீழாகப் புரட்டும். உயரம் 42.5 மீட்டர், நம்மூர்க் கணக்கில் பதினான்கு மாடி.

கேட்பவர்கள் எல்லோரும் நீலம்தான் பயங்கரம் என்று நினைக்கிறார்கள். தலைகீழாகச் சுற்றும்போது உடம்பு இருக்கையில் அழுந்தியே இருக்கும், விழுவது போன்ற உணர்வு குறைவு. அடிவயிற்றைப் பிசைகிற அந்த உணர்வு வருவது மேட்டைத் தாண்டிச் சரியும் இடங்களில். முதல் தடவை ஏறுகிறவர்கள் சிவப்பில் தொடங்குங்கள். வரிசையும் பெரும்பாலும் அங்கேதான் கொஞ்சம் சிறியது.

2013-இல் இதை மூடி, 2015 மே மாதம் மறுபடி திறந்தபோது வரிசைக்கு நான்காக இருந்த இருக்கைகளை இரண்டாகக் குறைத்தார்கள். அதனால் ஜோடிக்கு இது மிகப் பொருத்தம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஆட்கள் ஏறும் எண்ணிக்கை குறைந்ததால் வரிசை நீண்டதும் உண்மை.

முன்னாடி உட்காரலாமா, கடைசியிலயா?

காட்சிக்கு முன் இருக்கை, இழுப்புக்குக் கடைசி இருக்கை. வண்டியின் முன்பாதி மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியதும் அதன் எடை பின்பாதியை இழுக்கும். கடைசியில் இருப்பவர் மேட்டுக்கு வரும்போது வண்டி ஏற்கெனவே வேகம் பிடித்திருக்கும், அதனால் இருக்கையை விட்டு எழும்புவது போல இருக்கும். பயமுள்ளவருக்கு நடு இருக்கை.

எனக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தாங்குமா?

அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய கோஸ்டரைவிட இதுதான் சிரமம். வண்டி குலுங்கிக்கொண்டே நகரும், எதிரே முப்பரிமாணத் திரை. கண் பார்க்கும் வேகமும் காது உணரும் அசைவும் ஒத்துப்போகாததால் குமட்டும். குமட்டத் தொடங்கினால் முப்பரிமாணக் கண்ணாடியை மட்டும் கழற்றாதீர்கள், படம் இரட்டையாகத் தெரிந்து இன்னும் மோசமாகும். திரையை விட்டுவிட்டு முன்வரிசை இருக்கையின் முதுகைப் பாருங்கள், அல்லது கண்ணை மூடுங்கள்.

வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். பயண மாத்திரை வழக்கமாகப் போடுகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்றால் நாளே சோர்ந்துவிடும், எதைப் போடலாம் என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வையுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். சுழலும் ரைடையும் திரை ரைடையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

தாலி, கண்ணாடி, கொலுசெல்லாம் என்ன பண்ணணும்? புடவையில போகலாமா?

தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. நீளச் சங்கிலி தலைகீழாகும்போது எழும்பி முகத்தில் அடிக்கும். ஆடைக்குள் விட்டு, உள்பக்கமாக ஓர் ஊக்கு குத்திவிட்டால் அசையாது. அதைக் காலையில் அறையிலேயே செய்துவிடுங்கள், வரிசையின் முனையில் நின்று செய்ய முடியாது. பட்டையில்லாத மூக்குக் கண்ணாடி பெரிய கோஸ்டர்களில் கூடாது. பின்னால் இறுக்கும் பட்டை ஊரிலேயே மலிவாகக் கிடைக்கும்.

புடவையும் துப்பட்டாவும் வேண்டாம். தொங்கும் துணி வண்டியில் சிக்கும் அபாயம் இருப்பதால் பணியாளர்கள் நிறுத்தவும் கூடும். பேண்ட்டும் டாப்ஸும் போதும். பின்பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. முடியில் பெரிய கிளிப் போடாதீர்கள். தலை சாய்கிற இடத்தில் கிளிப் அழுந்தி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மண்டையில் குத்தும். தாழப் பின்னி, பின்னலை டாப்ஸுக்குள் விட்டுவிடுங்கள்.

பை எங்க வைக்கிறது? லாக்கர் ஃப்ரீயா?

பெரிய ரைடுகளுக்குப் பக்கத்தில் லாக்கர் உண்டு. குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், தாண்டினால் கட்டணம் ஓடத் தொடங்கும். ஆகவே பையைப் போட்டதும் நேரே வரிசைக்குப் போங்கள், அதற்குப் பிறகு ஐஸ்கிரீம் வாங்கப் போகாதீர்கள். லாக்கர் எண்ணை இருவருமே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் நினைவு வைத்திருந்தால் அவர் வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே சிறு பையாகக் கொண்டுபோவது நல்லது.

ஜுராசிக் பார்க் ராஃப்ட்ல ரொம்ப நனைவோமா?

நனைவீர்கள். எவ்வளவு என்பது உங்கள் கையில் இல்லை. வட்டமான மிதவை சுழன்றுகொண்டே போகும். இருட்டறைக்குள் லிஃப்ட் போல மேலே தூக்கி, அங்கிருந்து சரிவில் இறக்கும். அந்த நொடியில் எந்தப் பக்கம் தண்ணீரை நோக்கித் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முழுக் குளியல். பக்கத்து இருக்கையிலேயே ஒருவர் சொட்டச் சொட்ட, மற்றவர் சட்டைக்கை மட்டும் நனைந்து இறங்குவதுண்டு.

ஜீன்ஸ் போட்டவர்களுக்கு நாள் முழுக்க ஈரம். சீக்கிரம் காயும் மெல்லிய துணி அணிந்து, காலுறையைக் கழற்றிப் பையில் வைத்து, பையை லாக்கரில் போடுங்கள். மழைக்கோட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே விலை அதிகம். பிற்பகல் 2 மணிக்கு மேல் இதில் போவது நல்லது. நனைந்த உடம்போடு காலையிலேயே ஏசி அரங்குகளில் உட்கார்ந்தால் நடுங்கும்.

சைவம் கிடைக்குமா? வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாமா?

வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், உள்ளே குடிநீர்க் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம். எகிப்துப் பகுதியில் உள்ள ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய உணவு உண்டு. முட்டைகூடச் சேர்க்காத சைவம் என்றால் வாங்குமுன் கேட்டு உறுதி செய்யுங்கள். 11:15-க்குச் சாப்பிடுங்கள் அல்லது 2 மணிக்கு மேல். ஊரே சாப்பிடும் 12:30-க்குச் சாப்பாட்டு வரிசையும் ஒரு ரைடுதான்.

சுத்த சைவக்காரர்கள் காலையில் லிட்டில் இந்தியாவிலேயே வயிற்றுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்வது உத்தமம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் இருக்கவே இருக்கிறது.

ரைடு நடுவுல நின்னுடுச்சுன்னா ஆபத்தா?

பெரும்பாலும் அது பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்ததன் அடையாளம். கோஸ்டர் தண்டவாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத பல கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள், ஒரு கட்டத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி தன் கட்டத்தைக் காலி செய்ததை உணர்கருவி உறுதி செய்யாவிட்டால், பின்னால் வரும் வண்டியைக் கணினி தானாகவே நிறுத்திவிடும். யாராவது ஏறும் இடத்தில் பையை எடுக்கத் தாமதித்தால்கூட இப்படி ஆகும்.

நின்றால் பிடிமானக் கம்பியைத் தள்ளிப்பார்க்காதீர்கள், அசையாமல் அறிவிப்புக்குக் காத்திருங்கள். இறக்க வேண்டுமென்றால் பணியாளரே பக்கவாட்டுப் படியில் வந்து இறக்குவார். வரிசையில் நிற்கும்போது ரைடு நின்றுபோனால் பதினைந்து நிமிடம் பாருங்கள். வரிசையின் முன்பகுதியில் இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

மழை வந்தா எல்லாம் போச்சா?

சிங்கப்பூர் மழை வேகமாக வந்து வேகமாகப் போகும். பிரச்சினை மழையைவிட இடி, மின்னல். மின்னல் எச்சரிக்கை வந்ததும் வெளிப்புற ரைடுகள் எல்லாம் நிற்கும்: பேட்டில்ஸ்டார், கேனப்பி, ராஃப்ட். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன், நியூயார்க்கில் உள்ள செசமி ஸ்ட்ரீட் ரைடு ஆகியவை கட்டடத்துக்குள் நடப்பவை. இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும் என்பதால், ராஃப்டைத் தவிர மற்ற வெளிப்புற ரைடுகளைக் காலையிலேயே முடிப்பது இன்னொரு விதத்திலும் லாபம்.

மழை விட்டதும் நடப்பதைக் கவனியுங்கள். எல்லோரும் உள்ளரங்குகளில் ஒதுங்கியிருக்க, வெளி ரைடுகள் சோதனை ஓட்டம் முடிந்து திறக்கும். அந்த முதல் இருபது நிமிடம் வரிசையே இருக்காது.

தள்ளிப்போயிருக்கு, இன்னும் உறுதியாகல. சின்ன ரைடுலயாவது போகலாமா?

போகாதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே உறுதியானது போலத்தான் நடந்துகொள்ள வேண்டும். குலுக்கும், சட்டென்று நிறுத்தும் ரைடு எதுவும் வேண்டாம். கிளம்பும் முன் வீட்டிலேயே பரிசோதித்துப் பாருங்கள். அப்படியும் போகிற நாள் வீணில்லை: வாட்டர்வேர்ல்டு சண்டைக் காட்சி, லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன், தெருவில் நடக்கும் ஆட்டம் பாட்டு எல்லாம் பார்க்கலாம். வாட்டர்வேர்ல்டுக்குக் குறித்த நேரம் உண்டு. இருபது நிமிடம் முன்பே போய் மேல்வரிசையில் உட்காருங்கள், முன்வரிசையில் வாளியால் தண்ணீர் ஊற்றுவார்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத் தண்டில் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

வீட்டுக்காரர் கொஞ்சம் பெரிய உடம்பு. வரிசையில நின்னு கடைசியில இறக்கிவிட்டுடுவாங்களா?

இறக்கிவிடுவதுண்டு. எடை எவ்வளவு என்று பார்ப்பதில்லை, தோளுக்கு மேலிருந்து இறங்கும் கம்பி நெஞ்சில் பூட்டுகிறதா என்பதுதான் கணக்கு. வரிசையில் சேருமுன் வாசலில் நிற்கும் பணியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். மாதிரி இருக்கை இருந்தால் உட்கார்ந்து பார்த்துவிடலாம். மணிக்கணக்கில் நின்றபிறகு எல்லோர் முன்னாலும் இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். இருக்கையில் முதுகை நன்றாக ஒட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தால் கம்பி ஒன்றிரண்டு பல் கூடுதலாக இறங்கும்.

மூடுற நேரத்துக்கு எவ்வளவு முன்னாடி வரைக்கும் ரைடுல சேரலாம்?

கடைசி ஒரு மணி நேரம் காலை முதல் மணிக்கு அடுத்தபடி பொன்னான நேரம். குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், பேருந்துக் குழுக்களும் போய்விடும். காலையில் விட்டுப்போன ரைடை இப்போது பிடியுங்கள். நீண்ட வரிசை உள்ள ரைடுகளின் வாசலை மூடும் நேரத்துக்கு முன்பே அடைப்பதுண்டு, அதனால் அரை மணி முன்பாகவே உள்ளே இருங்கள். நினைவுப் பொருள் வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஹாலிவுட் கடைகள் வாசலை ஒட்டியே இருக்கின்றன, வெளியேறும் வழியில் வாங்கிக்கொண்டு அந்த உருண்டையின் முன் நின்று, காலையில் எடுக்காமல் வைத்த போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள்.